நேத்ராவுக்குப் பசிக்காது

துப்பறியும் நாவல் எழுதிப் பிழைக்கிறவனுக்குக் கொலைகாரனால் தொல்லை கிடையாது, தொல்லையெல்லாம் பதிப்பாளரால்தான். என்னைப்போல் மாத நாவலுக்குப் பேனா தேய்த்தவர்கள் இதைப் படித்துத் தலையாட்டுவார்கள். மற்றவர்கள், அவற்றையெல்லாம் பேருந்தில் வாங்கிப் படித்த பாவத்துக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏகாம்பரத்துக்கு ஓய்வு

சித்தூரில் உட்கார்ந்து இத்தனை வருடம் நான் எழுதியதெல்லாம் ஒரே துப்பறிவாளரை வைத்துத்தான்: ரிட்டயர்டு ஹெட் கான்ஸ்டபிள் ஏகாம்பரம். சந்தேகப்படுகிற எவனையும் அவர் முதலில் கேட்பது, "அன்னிக்கு இன்னாடா துன்னே?" பொய் சொல்கிறவன் எங்கே இருந்தேன் என்பதற்குப் பதில் தயாராக வைத்திருப்பான், என்ன சாப்பிட்டேன் என்பதை யோசித்திருக்க மாட்டான். அந்தக் கேள்வி என் மனைவியுடையது. நான் தாமதமாக வீடு திரும்பிய நாட்களில் என்னிடமே கேட்டுக் கூர்தீட்டியது. அவள் போய்ச்சேர்ந்த பிறகு அது ஏகாம்பரத்தின் வாயில்தான் மிச்சம் இருந்தது.

சென்னையிலிருந்து பதிப்பாளர் போன் செய்தார். எங்கள் சித்தூருக்குப் பக்கத்தில் கங்காதர நெல்லூரில் பிறந்தவர். சென்னைக்குப் போனதும் பெரிய ஆளாகிவிட்டார். இனி துப்பறியப்போவது நேத்ரா என்கிற ஏ.ஐ., ஏகாம்பரம் வேண்டாம் என்றார். அந்த நேத்ரா ஆட்களிடம் என்ன கேட்கும் என்றேன்.

"அது எதுக்கு சார் கேக்கணும்? அதுக்குத்தான் எல்லாம் தெரியுமே!"

கூடிய எலும்பு

எல்லாம் தெரிந்த ஒன்றுக்கு எதற்கு நூறு பக்கம் என்று நான் கேட்கவில்லை. எழுதிக் கொடுத்தேன். ஏர்பேடு பக்கம் ஒரு வயலில் எலும்புக்கூடு; கை எலும்பில் முறிந்து கூடிய பழைய தடம். நேத்ரா மாநிலத்து ஆஸ்பத்திரி எக்ஸ்ரேக்களையெல்லாம் நொடியில் துழாவி, 'காணாமல் போன புத்தூர்க்காரருக்குக் கை முறிந்ததாகப் பதிவே இல்லை, ஆகவே இது அவர் இல்லை' என்று தீர்ப்பு சொல்லும். இந்த மகத்தான திருப்பம் பதிப்பாளர் அருளியது.

புத்தகம் வந்ததும் புத்தூரிலிருந்து ஒரு வாசகர் கூப்பிட்டார்.

"எங்க ஊர்ல கை ஒடிஞ்சா பச்சிலை அரைச்சு வெச்சு, மூங்கில் பத்தை கட்டிக்கினு வீட்டுக்குப் போயிடுவோம் சார். உங்க நேத்ராவோட தாத்தாவா வந்து எக்ஸ்ரே எடுத்தாரு?"

இமை துடிக்கும் அத்தியாயங்கள்

அடுத்த மாதம் நகைத் திருட்டு. நேத்ரா ஒருவனை எதிரே உட்காரவைத்து அவன் இமையையும் நாடியையும் பக்கம் பக்கமாக அளந்தது. எழுதும்போது எனக்கே தூக்கம் வந்தது. படித்தவர்கள் நிலையை நினைத்துப் பாருங்கள்.

பக்கத்து வீட்டு சுகுணா எம்.ஆர்.ஓ. ஆபீசில், அதாவது தாசில்தார் ஆபீசில், வேலை செய்கிறவள். நிலத் தகராறுப் பொய்களை நாள் முழுக்கக் கேட்டுவிட்டு வந்து என் புத்தகங்களைப் படிப்பாள். இதை மதில்மேல் வைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"இமை துடிக்குது, நாடி துடிக்குதுன்னு என்னாண்ணே இது? காணிப்பாக்கம் வாடா, குளத்துல முங்கிட்டுப் புள்ளையார் முன்னாடி சத்தியம் பண்ணுடான்னா, பஸ் ஏறதுக்கு முன்னாடியே ஒத்துக்குவான் காதா?"

காணிப்பாக்கத்துப் பிள்ளையார் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவன் உருப்பட மாட்டான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

நான் எழுதாத என் நாவல்

இனி ஏகாம்பரத்தை மட்டும்தான் எழுதுவேன் என்று பதிப்பாளரிடம் சொல்லிவிட்டேன். "ஒரு மாசம் ரெஸ்ட் எடுங்க சார்" என்றார். அந்தக் கருணையிலேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஒரு கல்யாணத்துக்காகத் திருப்பதி போனபோது, பஸ் ஸ்டாண்டு கடையில் என் பெயர் போட்ட புது நாவல் தொங்கியது. நின்றபடியே புரட்டினேன். முதல் பக்கத்தில் ஏகாம்பரம் கத்திக்குத்துப் பட்டுக் கிடந்தார். "தரவுகளை ஆராயுங்கள்" என்று சொல்லிவிட்டுச் செத்தும் போனார். பிணத்திடம்கூட என்ன தின்றாய் என்று கேட்கக்கூடியவர்! கடைசிப் பக்கத்தில் கொலைகாரனை நேத்ரா திருப்பதிக் கடற்கரையில் மடக்கியது. திருப்பதியில் கடற்கரை எப்போது வந்தது என்று ஊர்க்காரர்கள் யாராவது சொன்னால் தேவலை.

அங்கிருந்தே பதிப்பாளரைக் கூப்பிட்டு, "மெஷினை விட்டு எழுத வெச்சீங்களா?" என்றேன்.

"ஐயோ, நீங்க அனுப்புனதுதான் சார். வயசாயிடுச்சு, மறந்துட்டீங்க."

ஒரு கணம் எனக்கே சந்தேகம் வந்தது. ஆனால் எதை மறந்தாலும், என் மனைவியின் கேள்வி இல்லாமல் ஏகாம்பரத்தை நான் எழுதியிருக்க முடியாது. "அப்படியா? ஞாயித்துக்கிழமை காணிப்பாக்கம் வாங்க. குளத்துல முங்கிட்டு இதையே புள்ளையார் முன்னாடி சொல்லுங்க" என்றேன்.

எத்தனை வருடம் சென்னையில் இருந்தாலும் கங்காதர நெல்லூர்க்காரர், கங்காதர நெல்லூர்க்காரர்தானே. அவர் குரல் சட்டென்று இறங்கியது.

"சாமியை எதுக்கு சார் நடுவுல இழுக்கறீங்க? ஏகாம்பரம் சாகலைன்னு அடுத்த மாசம் நீங்களே எழுதிடுங்க, போதும்."

சாப்பிடத் தெரியாத, குளத்தில் முங்கவும் முடியாத ஒன்றைத் துப்பறிய அனுப்பினால், அது கண்டுபிடிக்காமல் விடுகிற முதல் குற்றம் அதை அனுப்பி வைத்தவருடையதாகத்தான் இருக்கும்.