உள்ளங்கையில் எழுதிய மணி

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்த காலையில், திருநெல்வேலி ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அம்மாவும் அண்ணியும் நானும் இருந்தோம். செல்வின் சார் இல்லை. பாளையங்கோட்டையில் விளையாட்டு ஆசிரியராக இருப்பவர். பதினாறு வருடம் அண்ணனோடு மலையேறியவர். அவரை "இனி வராதீங்க" என்று சொன்னவன் நான்தான். வாசலில் நின்றிருக்க வேண்டிய அண்ணனின் வேனும் இல்லை. அதற்கும் காரணம் நான்தான். முதலாம் ஆண்டு நினைவு மலரில் அண்ணனின் பெருமையை மட்டும் எழுதியிருக்கலாம். ஆனால் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அந்தப் படிப்பைத் தந்தவரைப் பற்றி எழுதும்போது மூடி மறைக்க மனம் வரவில்லை.

அண்ணன் பிறந்தது விக்கிரமசிங்கபுரத்தில். அப்பா நூல் மில் தொழிலாளி. அப்பா தவறியபோது அண்ணனுக்குப் பதினான்கு வயது, எனக்கு மூன்று. எட்டாம் வகுப்போடு புத்தகப் பையைக் கழற்றிவிட்டு, பொதிகை மலைக்குப் போகிறவர்களுக்குச் சுமை தூக்கப் போனார். அரிசி, பாத்திரம், மற்றவர்களின் போர்வை எல்லாம் அவர் முதுகில் ஏறின. என் பள்ளிக் கட்டணமும் அந்த முதுகில்தான் ஏறி இறங்கியது.

அப்படி ஒரு கூட்டத்தில் வந்தவர்தான் செல்வின் சார். பிறகு இருவரும் வடக்கே போய் முறையாகக் கயிறு கட்டி ஏறப் பழகிக்கொண்டு திரும்பினார்கள். நானும் வருகிறேன் என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "ஏலே, நீ காலை ஒடச்சிக்கிட்டா யாரு பரீட்சை எழுதுவா?" என்று சிரித்துவிடுவார். பட்டம் வாங்கி, வேலைக்குப் போன பிறகும் அதே பதில். வீட்டுச் சுவரில் அவர்கள் இருவரும் ஒரே கயிற்றில் நிற்கும் படம் பெரிதாகத் தொங்கியது. நான் பட்டம் வாங்கிய படம் அதற்குக் கீழே, சின்னதாக. அந்தப் பெரிய படத்தை நான் ஒரு நாளும் துடைத்ததில்லை.

அண்ணனுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏறத் தொடங்குமுன் இடது உள்ளங்கையில் பேனாவால் ஒரு மணியை எழுதிக்கொள்வார். அதுதான் திரும்பும் நேரம். அந்த மணி ஆகிவிட்டால், உச்சி கண்ணெதிரே நின்றாலும் இறங்கிவிட வேண்டும். "மேல போயி முடிவு பண்ணக் கூடாது, அங்க ஆசை வந்துரும். கீழ நிக்கும்போதே எழுதிரணும்" என்பார்.

இமயமலைக்குப் போனபோதும் அப்படித்தான். உச்சிக்கு இன்னும் கொஞ்ச தூரம். செல்வின் சாருக்கு வாந்தி, தலைசுற்றல். கையில் எழுதிய பத்து மணியும் ஆகிவிட்டது. மற்றவர்கள் மேலே போக, அண்ணன் அவரைத் தன் கயிற்றோடு கட்டி இறக்கிக்கொண்டு வந்தார். "அவருக்காகவா விட்டுட்டு வந்தே?" என்று கேட்டேன். "பத்தாயிட்டுலே, வந்துட்டேன்" என்றார். எனக்காக அவர் விட்டுக்கொடுத்த வருடங்கள் அப்போது என் நினைவுக்கு வரவில்லை. சாருக்காக விட்ட உச்சிதான் கண்ணை உறுத்தியது.

தொழிலிலும் அண்ணன் அதே ஆள்தான். மலைக்கு வருகிறவர்களை ஏற்றி இறக்க வேன் வாங்கும்போது, எவ்வளவு நட்டம் வந்தால் விட்டுவிடுவது என்பதை முதலில் எழுதி வைத்துவிட்டுத்தான் முன்பணம் கொடுத்தார். திசையன்விளை வியாபாரிகள் அவரைக் கூட்டிப் பேசச் சொன்னார்கள். ஒரு கடைக்காரர் எழுந்து, "அண்ணாச்சி, இப்படித் திரும்பித் திரும்பி வந்தா எப்பம் வே உச்சிக்குப் போறது?" என்றார். "உயிரோட இறங்குனவன்தான் அண்ணாச்சி மறுக்கா ஏறுவான்" என்றார் அண்ணன். கைதட்டல் ஓயவில்லை. அன்று மேடையில் செல்வின் சாரைக் காட்டி, "இவருதான் என் கயிறு" என்றார். என்னைக் காட்டி, "தம்பி, பி.காம் படிச்சிருக்கான்" என்றார். கயிறு என்ற அந்தச் சொல் எனக்குக் கிடைக்கவில்லையே என்று பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை யாரோடும் பேசவில்லை.

பிறகு அண்ணனுக்கு ஈரலில் கட்டி என்றார்கள். பரவிவிட்டது என்றும் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு மாதம் கடந்த பிறகு, செல்வின் சார் அங்கே வராந்தாவில் ஒரு தாளை என்னிடம் நீட்டினார். அண்ணனின் கையெழுத்து. 'மூணு லட்சம். அதுக்கு மேல வேண்டாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. வேனை விக்கக் கூடாது, அது அவளுக்கு.' அந்த வேனை வாடகைக்கு விட்டு அண்ணி பிழைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் கணக்கு.

"நேத்தோட மூணு லட்சம் ஆயிட்டு தம்பி" என்றார் சார்.

தாளில் இருந்தது என் கண்ணில் படவில்லை. அது யார் கையில் இருந்தது என்பதுதான் பட்டது.

"உம்ம கூடப் பொறந்தவரா வே? எங்கூடப் பொறந்தவரு. இனி இங்கன வராதீங்க."

அவர் தாளை மடித்து என் கையில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் வேனை விற்றேன். அண்ணியிடம் தாளைக் காட்டவில்லை.

அந்தப் பணத்தில் பத்தொன்பது நாள் கிடைத்தது. முதல் இரண்டு நாளும் அண்ணன், "செல்வின் எங்கலே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஊருக்குப் போயிருக்கிறார் என்று பொய் சொன்னேன். பிறகு முகத்தில் சுவாசக் கருவி மாட்டிவிட்டார்கள், பேச்சு நின்றது. ஐந்தாம் நாள் இடது உள்ளங்கையை விரித்து என் பக்கம் நீட்டினார். பிடித்துக்கொண்டேன். உருவிக்கொண்டு மறுபடியும் விரித்தார். எனக்குப் புரியவில்லை என்று சொல்ல மாட்டேன். சட்டைப் பையில் பேனா இருந்தது. நான் எடுக்கவில்லை.

இந்த மலருக்குப் படம் கேட்டு, போன மாதம் செல்வின் சார் வீட்டுக்குப் போனேன். எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் அதே கயிற்றுப் படத்தின் இன்னொரு பிரதியை எடுத்துத் தந்தார். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தாளை அண்ணன் ஏன் சார் எங்கிட்டத் தரல?"

"நானும் அதைத்தான் கேட்டேன் தம்பி. 'அவன் திரும்ப மாட்டான் வே. அவனுக்கு எம்மேல அம்புட்டு ஆசை'ன்னாரு."

அன்றுதான் அண்ணியிடமும் தாளைக் கொடுத்தேன். நெடுநேரம் வைத்திருந்துவிட்டுச் சொன்னார்கள்: "அந்தப் பத்தொம்பது நாளு எனக்கும் வேண்டியிருந்திச்சு தம்பி. ஆனா அவுகளுக்காகச் செஞ்சோம்னு மட்டும் எழுதிராதீக." எழுதவில்லை அண்ணி. இப்போது ஜவுளிக் கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கும் உங்கள் கால்களிடம் இந்த மலரில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இரத்தம் கொடுத்த சுமைகூலித் தோழர்களுக்கும், மூன்று மாதம் அம்மாவுக்குச் சோறு கொடுத்தனுப்பிய தெருக்காரர்களுக்கும், முகம் சுளிக்காத செவிலியர்களுக்கும் எங்கள் நன்றி. நான் விரட்டியும் சுடுகாட்டுக்கு வந்து பாடையின் பின்பக்கம் தோள் கொடுத்த செல்வின் சாருக்கு நன்றி சொல்ல எனக்கு முகமில்லை, இருந்தும் சொல்கிறேன்.

அண்ணன் கீழே நின்று எழுதிக் கொடுத்தது மூன்று லட்சம். எங்களுக்கு ஆனது ஐந்து லட்சத்து அறுபதாயிரம் ரூபாய்.