அறுப்பின் பண்டிகையில் என் கேக்

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை என்றால் ஆராதனை முடிந்ததும் ஏலம். அவரவர் வீட்டிலிருந்து படைத்த பூசணிக்காய், சேவல், வாழைத்தார், கேக், முறுக்கு எல்லாவற்றையும் பந்தலில் கூவி விற்பார்கள். பணம் கோயிலுக்கு. யார் கொண்டுவந்ததும் கேட்பாரில்லாமல் நிற்கக் கூடாது. வேறு யாரும் கேட்காவிட்டால் அந்த வீட்டுக்காரர்களே ஒரு விலை சொல்லி எடுத்துவிடுவார்கள். மானப் பிரச்சினை அது.

இந்த வருஷம் நானும் ஒரு கேக் செய்தேன். மருமகளின் ஓவனைத் தொட எனக்குப் பயம். என் பழைய குக்கரில் மணல் பரப்பி, வெயிட் போடாமல் சிறு தீயில் வைத்து எடுத்தேன். மேலே லேசாக வெடித்திருந்தது. மகன் பார்த்தான்.

“எதுக்கும்மா இதெல்லாம்? நான்தான் கடையில க்ரீம் கேக் சொல்லியிருக்கேனே. நாலு பேர் பார்ப்பாங்க.”

“இருக்கட்டும்பா. காணிக்கைதானே.”

அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் இந்தக் கேக் ஒன்றுதான். சூடு ஆறுவதற்குள் தட்டைச் சுற்றிச் சுற்றி வருவான். அதை நினைத்துத்தான் செய்தேன். நாலு பேர் முன்னால் அவனே ஏலத்தில் எடுப்பான் என்று ஓர் ஆசை. வாய்விட்டுச் சொல்லவில்லை.

விமான நிலையத்தை ஒட்டிய எங்கள் பொழிச்சலூரில் கூட்டம் என்றால் பேச்சு பாதி, விமானம் பாதி. ஏலம் கூவிய தம்பி, விமானம் தலைக்கு மேலே போகும்போதெல்லாம் சேவலைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நிற்பார். போனதும் மறுபடி ஆரம்பிப்பார்.

“யக்கா, சேவல் உங்களையே பாத்துகினு கீது, வுட்டுடாதீங்க!”

பந்தல் முழுக்கச் சிரிப்பு. பின்னால் பிரியாணி தம்மில் இருந்தது. பிள்ளைகள் அங்கேயும் இங்கேயும் ஓடின. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

மகனின் க்ரீம் கேக்கைக் கமிட்டிக்காரர்கள் போட்டி போட்டு விலை ஏற்றி எடுத்தார்கள். அடுத்தது என்னுடையது.

“இது இன்னாது, குக்கர் கேக்கா? யார் கொண்டாந்தது?”

எழுந்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. தம்பி தட்டின் விளிம்பைப் பார்த்தார். மகனின் ஞானஸ்நானத்துக்கு என் அண்ணன் கொடுத்த சில்வர் தட்டு அது.

“பேர் வெட்டிக்கீது. அண்ணே, உங்க பேர்தான்! உங்க வூட்டு கேக்கா?”

முன்வரிசையில் இருந்த மகன் சிரித்தான். “எங்க வீட்டு கேக் அப்பவே போயிடுச்சு, பிரதர்.”

நூறு என்று ஆரம்பித்த தம்பி ஐம்பதுக்கு இறங்கினார். ஒரு விமானம் வந்தது, போனது. அதற்குப் பிறகும் யாரும் வாய் திறக்கவில்லை. மருமகள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையைத் தூக்கினேன்.

“ஐம்பது” என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண்தான் கத்தினாள். “பாட்டிம்மா கேக்குறாங்க!”

“நம்ம அண்ணனோட அம்மாவா? அட, செஞ்சவங்களே வாங்குறாங்களா?” என்றார் தம்பி. எல்லாத் தலையும் திரும்பியது. மகனும் திரும்பினான். முகம் கறுத்துப்போயிற்று. சட்டென்று எழுந்தான்.

“ரெண்டாயிரம்!”

அப்படியொரு கைதட்டல். போதகரும் தட்டினார். “புள்ளைன்னா இப்படி இருக்கணும். குடுத்து வச்சவங்க பாட்டிம்மா நீங்க” என்று அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தட்டை என் மடியில் வைத்து, மகனைப் பக்கத்தில் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். அவன் என் தோளில் கை போட்டுக் குனிந்தான்.

“மானத்தை வாங்கிட்டியேம்மா. சிரி.”

சிரித்தேன்.

அந்தப் போட்டோவைச் சபை வாட்ஸ்அப்பில் போட்டார்கள். எல்லாரும் பாராட்டியிருக்கிறார்கள் என்று மருமகள் காட்டினாள். வீட்டில் கேக் மேசைமேல் மூடியபடியே கிடந்தது. அத்தனை பேர் முன்னால் விலை ஏற்றி வாங்கியவன் ஒரு துண்டு எடுத்து வாயில் வைக்கவில்லை. நானே தினமும் டீயோடு கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்தேன். நல்ல பதமாகத்தான் வந்திருந்தது.