எந்தச் செடியின் புழு

கஸ்தூரி மேடம் இறந்த செய்தி, நான் திருச்சானூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தபோது கிடைத்தது. போனில் சொன்னவள் அவருடைய பழைய மாணவி சுமதி. எனக்கு முதலில் அழுகை வரவில்லை. இனி அவரிடம் சொல்லவே முடியாதே என்றுதான் தோன்றியது. உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

அவர் திருப்பதியில் கல்லூரி விலங்கியல் பேராசிரியை. நான் புத்தூரில் பள்ளி ஆசிரியன். நான் ஓய்வுபெற்ற பிறகு, அவர் ஆராய்ச்சிக்குப் புழு பிடிக்கப் போகும்போது துணைக்குப் போவேன். ஒருமுறை பிச்சாட்டூரில் ஒரு விவசாயி கேட்டார்:

"இன்னா மேடம், புழுவுக்கு ஜாதகம் பாக்கிறீங்களா?"

"ஆமா நைனா. துவரை வீட்டுப் புழு தக்காளி வீட்ல பொண்ணு எடுக்குதா, சொந்தத்துக்குள்ளயே கட்டிக்குதான்னு பாக்கிறேன்."

"எங்க கட்டிகினா இன்னா, துன்றது என் காயிதானே!"

அந்த வேடிக்கைப் பேச்சுதான் அவருடைய ஆராய்ச்சி. ஒரே காய்ப்புழுதான் துவரையையும் தக்காளியையும் வெண்டையையும் துளைக்கிறது. ஒரு தெருக்காரர்கள் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்தால், சில தலைமுறைகளில் அவர்களுக்கென்று ஒரு முகச்சாயல் வந்துவிடும் அல்லவா? அதுபோல ஒவ்வொரு செடியின் புழுவுக்கும் மரபு தனியாகப் பிரிந்திருக்கும் என்று அவர் நம்பினார். அப்படியானால் துவரையில் கேட்கும் மருந்து தக்காளியில் கேட்காமல் போகலாம்.

பிடித்த புழுவை ஸ்பிரிட் குப்பியில் போட்டு, செடியின் பெயரைச் சீட்டில் எழுதி உள்ளேயே போட வேண்டும். "மாஸ்டரு, பென்சில்லயே எழுதுங்க. மை ஸ்பிரிட்ல கரைஞ்சிடும்" என்பார். பென்சில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு என்பது என் நினைப்பு. ஒருநாள் அவர் அடுத்த வயலில் இருந்தபோது, சட்டைப்பையிலிருந்த பேனாவால் எழுதினேன்.

மறுநாள் காலை வீட்டில் பார்த்தால் குப்பிகளெல்லாம் நீலம், சீட்டெல்லாம் வெள்ளை. என்ன செய்தேன் தெரியுமா? ஸ்பிரிட்டை மாற்றினேன். இது துவரையாக இருக்கும், இது வெண்டையாக இருக்கும் என்று ஊகித்துப் பென்சிலால் புதுச் சீட்டு எழுதினேன். பிள்ளைகள் பார்த்தெழுதினால் பெஞ்சின் மேல் நிற்கவைத்தவன் நான்.

மாதங்கள் கழித்து அந்தப் புழுக்களின் மரபுச் சோதனை முடிவு வந்தது. "நான் நெனச்சது தப்பு மாஸ்டரு. எல்லாம் ஒண்ணா கலந்துதான் கீது" என்று சொல்லிச் சிரித்தார். கலந்தது வயலிலா, என் மேசையிலா? அதைக் கேட்க வேண்டிய ஒரே ஆளை நான் கேட்க விடவில்லை. அவர் அந்த ஆராய்ச்சியை அத்துடன் விட்டுவிட்டார். அதன் பிறகும் பலமுறை அவர் வீட்டில் காபி குடித்திருக்கிறேன்.

காரியத்தன்று சுமதியிடம் சொன்னேன். மேடத்தின் குப்பிகளும் குறிப்புகளும் இப்போது அவளிடம்தான் இருந்தன. "அந்தக் குப்பிங்கள கணக்குல இருந்து எடுத்துட்றேன் சார். முதல்லேர்ந்து புடிக்கணும்" என்றாள். பிறகு, "மேடம் உங்கள திட்டிகூட இருக்கமாட்டாங்களே" என்றாள்.

அதுவும் எனக்குத் தெரியும். என்னுடைய தவற்றைத் தன்னுடையதாக எண்ணி அவர் சிரித்த சிரிப்பு, அது ஒன்றுதான் அவருடையதாக என்னிடம் இருக்கிறது.