அண்ணனிடம் பேசியவள்

உலமிலா பிறந்தது ஆற்றின் தென்கரையிலுள்ள நமாராவில்; வாழ்க்கைப்பட்டது வடகரை வைலோவாவில். வனுவா லேவு தீவின் அந்த இரண்டு ஊர்களுக்கும் கடல் ஒன்றுதான், மீன்பிடிக்கும் பாத்தியதையும் ஒன்றுதான். நீளமான நைலான் வலைகள் வந்த பிறகுதான் வம்பும் வந்தது.

வைலோவாக்காரர்களுக்குக் கைத்தூண்டில்தான் பிழைப்பு. நமாராக்காரர்கள் கடல் வற்றும் நேரத்தில் முகத்துவாரத்தை அடைத்து வலை கட்டினால் மடவைக் குஞ்சுகூட மிஞ்சாது. கல்லெறி நடந்தது, இஞ்சினில் யாரோ மண்ணைப் போட்டார்கள். கடைசியில் இரண்டு ஊர்த் தலைவர்களும் யங்கோனா வேர்ச்சாறு பகிர்ந்து குடித்து, முகத்துவாரத்தில் வலை கூடாது என்று முடிவு செய்தார்கள். அதற்கு நமாராவில் பாதிப்பேர் கட்டுப்படவில்லை. அந்தப் பாதியில் ஒருவன் உலமிலாவின் அண்ணன் செமேசா.

அண்ணனும் தங்கையும் வளர்ந்துவிட்டால் முகம் பார்த்துப் பேசுவது அங்கே வழக்கமில்லை. பேசினால் மரியாதை கெட்டது என்பார்கள். எது சொல்வதானாலும் செமேசா தன் மனைவி லோசனாவிடம் சொல்லி அனுப்புவான். உலமிலாவின் புருஷன் இறந்த அன்றுகூடத் தலைமாட்டில் சாவு முறைக்கான பாயை வைத்துவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டான். பிள்ளையில்லாத அவளுக்கு, சனிக்கிழமைதோறும் வாசல் கம்பத்தில் தொங்கும் மீன்கோவைதான் அண்ணன்.

ஒருநாள் சாயங்காலம், அவள் வீட்டு முற்றத்தில் கொழுந்தன் மகன் நெமானி கூட்டாளிகளோடு கத்தி தீட்டிக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு வலைய மட்டும் வெட்டுனாப் போதாதுடா. கட்டுறவன் கையையும் பாத்துக்குவோம்."

விடிந்ததும் விடியாததுமாக உலமிலா தோணியைத் தள்ளினாள். முகத்துவாரத்தில் செமேசா தனியாக வலை இறக்கிக்கொண்டிருந்தான். சொல்லியனுப்ப ஆளில்லை. கண்டல் மரங்களுக்குப் பின்னால் இஞ்சின் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. துடுப்பைப் போட்டுவிட்டுக் கத்தினாள்.

"அண்ணே! வலைய விட்டுட்டுப் போயிரு! கத்தியோட வர்றானுங்க!"

அவன் திரும்பவில்லை. வலையைப் பிடித்த கை மட்டும் அப்படியே நின்றது. பிறகு கயிற்றை நழுவவிட்டு, படகைக் கிளப்பிப் போய்விட்டான்.

நெமானி வந்தபோது வலைதான் மிதந்துகொண்டிருந்தது.

"பெரியம்மா, அவனுக்கு யாரு சொன்னா?"

"நான்தான்டா."

"எங்க சோத்தத் தின்னுட்டு பொறந்த வீட்டுக்கு வேவு பாக்குறியா?"

வலையைக் கரையில் போட்டுக் கொளுத்தினார்கள். அதன்பின் வைலோவாவில் அவளைத் தூண்டிலுக்குக் கூப்பிடுவார் இல்லை. நமாராவிலோ, வலையைக் காட்டிக் கொடுத்ததே அவள்தான், அண்ணன் முகத்துக்கு நேரே வேறு கத்தினாளாம் என்று பேச்சு. சனிக்கிழமைக் கம்பம் வெறுமையாக நின்றது. தேவாலயத்தில் அவள் உட்காரும் பெஞ்சில் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. பேச ஆளில்லாத நாட்களில், தூண்டிலில் ஏறிய மீனிடம் "வந்துட்டியா?" என்பாள், தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்கும்.

மறு வருஷம் நமாராக்காரர்கள் வழக்கப்படி திமிங்கிலப் பல் கொண்டுவந்து வைத்து மன்னிப்புக் கேட்டார்கள். ஊர்கள் சேர்ந்தன. விருந்தில் செமேசா அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். லோசனா அவளருகே வந்து குனிந்தாள்.

"உலா, அவரு சொல்லச் சொன்னாரு. அன்னிக்கி நீ கூப்பிட்டது செத்துப்போன உங்கம்மாவே கூப்பிட்ட மாதிரி இருந்துச்சாம். உன்னய அப்படிப் பேச வெச்சிட்டமேங்கிற வெக்கத்துலதான் இத்தன நாளா இந்தப் பக்கமே வரலியாம்."

உலமிலா அந்த முதுகைப் பார்த்தாள். தோள் ஒடுங்கி, கிழவனாகியிருந்தான். கை நீட்டினால் தொட்டுவிடலாம்.

"நான் நல்லா இருக்கேன்னு சொல்லு அண்ணி," என்றாள், அவன் காதில் விழும்படி.

தட்டில் இருந்த மரவள்ளியைப் பாதியில் வைத்துவிட்டு, யாரும் கவனிக்குமுன் எழுந்து வீட்டுக்கு நடந்தாள்.