பாதியில் நின்ற கோப்பைப் பாட்டு

அண்ணையின் செத்தவீட்டுக்குத் தகனசாலை மண்டபம் எங்களுக்கு அரை மணி நேரம்தான் தரப்பட்டிருந்தது. அதில் தம்பியான என் உரைக்கு ஐந்து நிமிடம், அண்ணை பாடிப் பதிந்த பாட்டுக்கு ஐந்து நிமிடம், மிச்சம் ஐயருக்கும் அழுகைக்கும் என்று பிரித்தவனே நான்தான். பிறகு எழுந்து நின்று என் பங்கையும் அண்ணையின் பங்கில் பெரும் பகுதியையும் பேசித் தீர்த்தேன். பழம்பாடல் ஒன்றைச் சொல்லத் தொடங்கி, நடுவில் மறந்து, விடாப்பிடியாக மறுபடியும் முதலடியிலிருந்து தொடங்கினேன். நாலு புத்தகம் வாசித்தவர்களுக்கு இப்படி ஒரு வியாதி உண்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்திருக்கும் உங்கள் கைகளில் இந்த நினைவு மலரைத் தரும்போது முதலில் அதற்காகத் தலை குனிகிறேன்.

அண்ணை ஊரில், மயிலிட்டிக் கடற்கரையில், கரைவலை இழுக்கும் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். நான் கடைக்குட்டி. வலை இழுக்கையில் அப்பா முதலடி பாடுவார்; மற்றவர்கள் ஏலேலோ சொல்லி இழுப்பார்கள். அப்பாவின் தொண்டை அண்ணைக்குப் போனது. எனக்கு வாய் மட்டும் வந்தது.

எண்பதுகளில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியவர், நொய்கெல்ன் பகுதியில் ஓர் உணவகத்தின் பின்னறையில் சாப்பாட்டுக் கோப்பை கழுவத் தொடங்கினார். அந்த உழைப்பில்தான் அக்காவும் நானும் இந்த நாட்டுக்கு வந்தோம். வந்து இறங்கிய அன்று எனக்குக் குளிர்ச்சட்டை வாங்கித் தந்தவர், அந்தக் குளிர்காலம் முழுவதும் தான் பழையதையே போட்டுக்கொண்டு திரிந்தார். கேட்டால், பின்னறையில் நீராவி இருக்கிறது, சட்டை எதற்கு என்பார்.

அவரைப் பிரபலமாக்கியது அப்பாவின் வலைப்பாட்டு. கீபோர்டும் மேளமும் சேர்த்துப் பாடிய கசெட் தமிழ்க் கடைகளிலெல்லாம் போனது. அதன் பிறகு அந்தப் பாட்டில்லாமல் இங்கே ஒரு கலியாணமோ பெரியபிள்ளையானவர்களின் சாமத்திய வீடோ நடந்ததாக எனக்கு நினைவில்லை. மாப்பிள்ளை உள்ளே வர அதுதான், கேக் வெட்டவும் அதுதான். சனி இரவு பாடிவிட்டு, ஞாயிறு விடியத் தொடருந்தில் இருந்தபடியே தூங்கி, இறங்கிய கையோடு வேலைக்குப் போவார். "வலை கரைக்கு வந்தால் பாட்டு நிக்கும். இஞ்ச வலையே இல்லை, எப்பிடியடா நிக்கும்?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். முப்பது வருடக் களைப்பு அதில் இருந்தது.

அவர் தானாகக் கட்டிய பாட்டு ஒன்று உண்டு. கோப்பைப் பாட்டு. கழுவுகிறவர் முதலடி பாட, பக்கத்தில் துடைக்கிறவர் மறுமொழி பாட வேண்டும். வலை இழுப்பவனுக்குப் பாட்டு இருந்தால் கோப்பை கழுவுகிறவனுக்கு ஏன் இருக்கக்கூடாது என்பது அண்ணையின் நியாயம். நியாயம் சரி, சபைதான் பிழை. கிழமை முழுவதும் கோப்பை கழுவிய சனம், சனிக்கிழமை கோட்டும் பட்டும் உடுத்து வருவதே அதை மறக்கத்தான். ஹனோவரில் ஒரு கலியாணத்தில் துணிந்து தொடங்கினார். இரண்டாம் அடி முடிவதற்குள் பெண்ணின் தகப்பனார் மேடையேறி, சிரித்த முகத்தோடு காதுக்குள் சொன்னார். ஒலிவாங்கி அதை எல்லோருக்கும் சொன்னது.

"அண்ணை, குறை நினைக்காதையுங்கோ. சம்பந்தி பகுதிக்கு என்னை மனேஜர் எண்டுதான் தெரியும். வலையைப் பாடுங்கோ."

அண்ணை வலையைப் பாடினார். சனம் ஆடியது. அவர் அதைப் பற்றி யாரிடமும் குறை சொல்லவில்லை; அந்தப் பாட்டை மேடையில் பிறகு எடுக்கவும் இல்லை.

கடைசி வருடம் நுரையீரல் அவரைக் கைவிட்டது. ஒரு நாள் குசினியில் அண்ணி தட்டுகளைக் கழுவ, அண்ணை கதிரையில் இருந்து துடைத்தபடி கோப்பைப் பாட்டை மூச்சுவாங்கி மூச்சுவாங்கி முழுதாகப் பாடினார். அண்ணி மறுமொழி பாடினார். தட்டும் தண்ணீரும்தான் தாளம். அவர்கள் மகள் அதைக் கைபேசியில் பதிந்தாள்.

"என்ர செத்தவீட்டில வலையைப் போடாதை. இதைப் போடு, முடியுமட்டும் போடு," என்றார் என்னிடம். "அண்டைக்கு ஒருத்தரும் மேடையேறி என்னை மாத்தச் சொல்ல ஏலாது."

ஓம் என்றேன்.

தகனத்தன்று ஒருவரும் மாற்றச் சொல்லவில்லைதான். நான் ஒருவழியாகப் பேசி முடிக்க, மகள் பாட்டைப் போட்டாள். இரண்டாம் அடியில் தகனசாலை அலுவலர் கதவடியில் வந்து நின்றார். வெளியே அடுத்த நேரத்துக்குப் பதிந்திருந்த டெர்மின்காரர்கள் பூக்களோடு காத்திருந்தார்கள். அவர் மிகவும் மரியாதையாக என்னைப் பார்த்தார். கையைக் காட்டி நிறுத்தச் சொன்னது நான்தான். ஹனோவரில் பாட்டு நின்ற அதே இடம்.

வாகனத் தரிப்பிடத்தில் யாரோ வலைப்பாட்டின் முதலடியை எடுத்தார்கள். அழுதுகொண்டே எல்லோரும் ஏலேலோ சொன்னோம். அது முழுதாக முடிந்தது.

இன்று மதியச் சாப்பாட்டின்போது கோப்பைப் பாட்டு கடைசி அடிவரை போடப்படும். நான் பேசமாட்டேன் என்று அண்ணி என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

மருத்துவமனையில் முறை வைத்துக் கூட இருந்தவர்களுக்கும், இந்த நாட்களில் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவேண்டி வராமல் சோறு கொண்டுவந்தவர்களுக்கும், தூர இடங்களிலிருந்து லீவு எடுத்து வந்தவர்களுக்கும், அண்ணையை ஆயிரம் தடவை கேட்டும் அலுக்காத உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அன்று தரிப்பிடத்தில் மாமா முறையான ஒருவர் என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்.

"நல்லாக் கதைச்சனீர் தம்பி. கடைசியாப் போட்ட பாட்டும் பரவாயில்லை. ஆனால் பின்னுக்கு ஆரோ கோப்பை கழுவிக்கொண்டு நிண்டவங்கள். ஒரு செத்தவீட்டு நேரமாவது நிப்பாட்டச் சொல்லியிருக்கலாம்."