கால்வாசி மருந்து

டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் ஒரு பூனையின் உயிரைக் காப்பாற்றிய ஒரே தமிழன் நான்தான். பொய். காப்பாற்றியது என் சித்தப்பா. அதைச் சாகடிக்கப் பார்த்தவன்தான் நான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவி விட்டது. அதனால் எழுத்துப்பிழை இருந்தால் வாத்தியார்மாரைக் கேளுங்கள். மற்றப் பிழைக்கு நான் பொறுப்பு.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவின் தம்பியான சித்தப்பா, கத்தாரில் ஒரு பணக்காரருடைய வேட்டை நாய்களைப் பல வருடம் பார்த்துக்கொண்டவர். அந்த வேலை முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். எந்த விசா, என்ன கடதாசி என்பதையெல்லாம் பெரியவர்கள் குசினிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் கதைத்தார்கள். எனக்குத் தெரிந்தது, கூடவே ஒரு நாயும் வந்தது என்பது மட்டும்தான். ஒட்டிய வயிறும் நீட்டுக் காலும் கொண்ட அந்த நாய்க்கு ராசா என்று பெயர்.

விமானத்தில் நிறைக் கட்டுப்பாடு. எங்கள் ஆட்கள் செய்வதைத்தான் சித்தப்பாவும் செய்திருந்தார். பற்பசை, பேரீச்சம்பழம், சென்ட் போத்தல் எல்லாவற்றின் மட்டைப் பெட்டிகளையும் கிழித்து அங்கேயே எறிந்துவிட்டு, சாமான்களைச் சப்பாத்துக்குள்ளும் சொக்ஸுக்குள்ளும் அடைத்துக்கொண்டு வந்தார். ராசாவின் உண்ணி மருந்தும் அப்படித்தான் வந்தது. விரல் அளவு பிளாஸ்டிக் குழாய்கள், ஒரு ரப்பர் பாண்டால் கட்டி. பெட்டியும் இல்லை, அதற்குள் இருந்த துண்டுக் கடதாசியும் இல்லை.

இரண்டாம் மாதம், ஹீட்டருக்குப் பின்னால் சுவரில் மண்ணிறப் பொட்டு ஒன்று ஏறுவதை அம்மா கண்டார்.

"பாலைவனத்திலை மணல் தானே, அங்கை ஏது உண்ணி?" என்று அம்மா கேட்டார்.

"மணல்லை நிக்காது அண்ணி, வெய்யிலுக்குக் கருகிப்போம். அது எங்களை மாதிரித்தான், வீட்டுக்குள்ளைதான் இருக்கும். சுவர் வெடிப்பிலை முட்டை வைக்கும். ஒண்டு கண்டால் நூறு இருக்கெண்டு நினைக்கோணும்."

சித்தப்பாவை அந்த மூன்று கிழமையும் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சுவர் ஓரம், கட்டில் கால் என்று வெடிப்பு வெடிப்பாக வாக்கும் கிளீனர் பிடித்தார். ராசாவின் படுக்கையைக் கொதிநீரில் தோய்த்தார். காலையும் மாலையும் புல்வெளியில் குந்தி, ராசாவின் காதுமடல், கக்கம், வால் அடி, கால்விரல் இடுக்கு என்று ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். மாதத்துக்கு ஒரு தடவை, நாய்க்கு நக்க எட்டாத இடமாகப் பார்த்து, பிடரியில் ஒரு குழாய் மருந்து. டெனிஷில் 'நன்றி', 'மன்னிக்கவும்' என்ற இரண்டு சொல் மட்டும் தெரிந்த மனிதர் அந்த வேலையில் பேராசிரியர் மாதிரி இருந்தார்.

அதை வேலிக்கு அப்பால் நின்று பார்த்தவர், பக்கத்து வீட்டு டெனிஷ் பெண்மணி. விடுமுறைக்குப் போகிறவர்களின் நாய்களை வைத்துப் பராமரிக்கும் இடம் ஒன்றை நடத்தினார். ஒரு நாள் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். "இப்படி நாய் பாக்கிற ஆள் தனக்கு வேணுமாம். திங்கட்கிழமை வரட்டாம்," என்று அக்கா மொழிபெயர்த்தாள். சித்தப்பா அன்றைக்கே சேர்ட்டை இஸ்திரி போட்டுத் தொங்கவிட்டார். நாய்க்கூடு கழுவ எதற்குச் சேர்ட் என்று நான் சிரித்தேன்.

இனி பூனை. அது அக்காவின் பூனை. அக்காவுக்குப் பதின்மூன்று வயது. எங்களோடு கதைப்பதைவிட அந்தப் பூனையோடுதான் கூடக் கதைப்பாள், அதுவும் டெனிஷில். அந்தத் திங்களுக்கு முந்தின சனிக்கிழமை காலை. அம்மாவும் அப்பாவும் வேலை, அக்கா நித்திரை, சித்தப்பா வெளியே ராசாவோடு. பூனையின் காதுக்குப் பின்னால் ஒரு உண்ணியைக் கண்டேன். எனக்கும் பேராசிரியராக ஆசை வந்தது.

எங்கள் வீட்டில் மருந்துக்கு ஒரு சட்டம் இருந்தது. காய்ச்சல் என்றால் அப்பாவுக்கு ஒரு குளிசை, அக்காவுக்கு அரை, எனக்குக் கால். அம்மா கத்தியால் வெட்டித் தருவார். மருந்து ஒன்றுதான், ஆளைப் பார்த்து அளவு மாறும். ராசாவுக்கு ஒரு குழாய் என்றால் பூனைக்குக் கால் குழாய். பள்ளிக்கூடத்தில் ஒரு கணக்கும் எனக்குச் சரிவந்ததில்லை. இது டக்கென்று வந்தது. ஃபிரிட்ஜுக்கு மேலிருந்த குழாயை எடுத்து, சித்தப்பா செய்வது போலவே மயிரை விலக்கி, பிடரியில் விட்டேன்.

மத்தியானம் போல பூனையின் காது துடித்தது. பிறகு தோல் துடித்தது. ஏதோ கூசுவது போல ஒவ்வொரு காலாக உதறி உதறி நடந்தது. அக்கா சிரித்தாள். நான் எழுந்து அதே போல ஆடிக் காட்டினேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் வாழ்க்கையில் அவளை அவ்வளவு சிரிக்க வைத்தது அன்றுதான்.

பூனை ஜன்னல் திண்டிலிருந்து விழுந்தது.

பூனை விழுந்தால் காலில் நிற்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அது பக்கவாட்டில் பொத்தென்று விழுந்தது. நாலு காலும் விறைத்து நீண்டன. உடம்பு முழுக்க, வயர் செருகியது போல உதறியது. கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. வாயில் நுரை. நான் இன்னும் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றேன். கால் கீழே வரவில்லை.

அக்கா போட்ட சத்தத்தில் சித்தப்பா ஓடிவந்தார். பூனையைத் தூக்கிப் பிடரியை முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஃபிரிட்ஜைப் பார்த்தேன். சிங்கில் வெதுவெதுப்பான தண்ணீரைத் திறந்து, கோப்பை கழுவுகிற சோப்பை ஊற்றி, உதறுகிற பூனையின் பிடரியைக் கழுவினார், திரும்பவும் கழுவினார். அவர் கையெல்லாம் கீறி இரத்தம்.

"பக்கத்து வீட்டு அவவைக் கூப்பிடு. கார் வேணும். கெதியா."

பக்கத்து வீட்டுப் பெண்மணிதான் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனார். முன் சீற்றில், துவாயில் சுற்றிய பூனையோடு சித்தப்பா. பின்னால் அக்காவும் நானும். அந்தப் பெண்மணி வீதியைப் பார்த்தபடியே ஏதோ கேட்டார்.

"என்ன விட்டது எண்டு கேக்கிறா. ஆர் விட்டது எண்டும் கேக்கிறா," என்றாள் அக்கா. "சித்தப்பா, ஆர் விட்டது?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

"நாயின்ரை மருந்து. நான்தான் விட்டனான்," என்றார் சித்தப்பா.

அக்கா அதைச் சொன்னாள். ஸ்டியரிங்கில் இருந்த அந்தப் பெண்மணியின் விரல்கள் வெளுத்தன. பிறகு இன்னொரு கேள்வி.

"அந்தப் பெட்டியிலை பூனைப் படம் போட்டு மேலை சிவப்புக் கோடு கீறியிருக்குமாம். பூனைக்கு நஞ்சாம். நாய் பாக்கிற ஆளுக்கு அது தெரியாதோ எண்டு கேக்கிறா."

"பெட்டியை எறிஞ்சிட்டன் எண்டு சொல்லு, பிள்ளை."

பூனை தப்பியது. மூன்று நாள் மயக்கத்தில் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்தபோது பிடரி மொட்டை. பூனை விழுந்த மறுநாளே, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், அந்தப் பெண்மணி வாசலில் நின்று, கோபமே இல்லாத குரலில், நாளைக்கு வரவேண்டாம் என்றார். அக்கா ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தாள். அந்த மாதமே சித்தப்பா ராசாவைக் கூட்டிக்கொண்டு ஸ்கீவ என்ற ஊர்ப் பக்கம் இறைச்சி வெட்டுகிற தொழிற்சாலைக்குப் போனார். இன்றைக்கும் அங்கேதான்.

நான் அழுதேனா? இல்லை. நிம்மதியாக இருந்தது. பெட்டியை எறிந்தவர் அவர், அப்படியென்றால் பிழையும் அவருடையதுதானே என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நான் செய்தது இன்னும் மோசம். அதைப் பகிடிக் கதையாக்கினேன். கத்தாரிலிருந்து வந்த நாய்ப் பேராசிரியர் பூனையைக் கொல்லப் பார்த்த கதை. கலியாண வீடு, பிறந்தநாள் எல்லாவற்றிலும் என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். சித்தப்பாவும் இருந்து சிரிப்பார். சித்தப்பா வருகிறார் என்றால் பூனையைப் பூட்டு என்பது எங்கள் குடும்பத்தில் பழகிப்போன பகிடி.

ஒன்பது வயதில் எனக்கு விளங்காதது இதுதான். இந்த நாட்டில் அந்த மனிதரிடம் இருந்தது ஒரேயொரு படிப்பு. கையிலே இருந்த ஒரேயொரு நல்ல பெயர். அந்தக் காருக்குள் அவர் அதை எடுத்து எனக்காக—

"டேய், எங்கை ஒளிச்சிருக்கிறாய்?" அக்கா கூப்பிடுகிறாள். அல்பர்ட்ஸ்லுண்டில் அவள் வீட்டில் இன்றைக்கு அவள் மகளுக்குப் பிறந்தநாள்; நான் உள்ளறையில் இருந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். "சித்தப்பாவும் வந்திட்டார், எல்லாரும் இருக்கினம். வந்து அந்தப் பூனைக் கதையைச் சொல்லு, பிள்ளையள் காத்துக்கொண்டிருக்கினம்."