இல்காவின் மூக்கும் வெள்ளைப் பாளங்களும்

ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில், காட்புஸ் நகரத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த நுரைப்பஞ்சுத் தொழிற்சாலையில் சூளை இருபத்தோரு வருஷமாக இல்கா கிராவுட்ஸின் பொறுப்பு. மெலமைன் பிசினைப் பொங்கவைத்து எடுத்த வெள்ளைப் பாளங்களை இருநூற்று இருபது டிகிரியில் வேகவைப்பாள். தீயில் காட்டினாலும் உருகாத நுரை. சூளையை விட்டு வரும்போது ரஸ்க் மாதிரி நொறுங்கும். உருளைகளில் நசுக்கினால்தான் மெத்தென்று ஆகும். அதற்கு முன்னால் பாளத்தில் காரநெடி மிச்சமிருக்கிறதா என்று இல்கா மோந்து பார்ப்பாள். ஆய்வுக்கூடம் வாரத்துக்கு ஒரு பாளத்தைத்தான் சோதிக்கும். மற்றதெல்லாம் அவள் மூக்குதான்.

பிப்ரவரியில், ரயில் இருக்கை செய்பவர்கள் ஒரு லாரிச் சரக்கைத் திருப்பி அனுப்பினார்கள். நெடி தாங்கவில்லையாம். இல்கா ஒரு பாளத்தில் முகத்தைப் புதைத்து மோந்தாள். ஒன்றுமே இல்லை. ஆனால் கண் கரித்தது. நெடியே இல்லாமல் கண் ஏன் கரிக்க வேண்டும்? பிசினைச் சந்தேகப்பட்டாள், பிறகு வெப்பமானியை. மேற்பார்வையாளர் டோர்ஸ்டன் வேறு வெப்பமானி மாட்டிப் பார்த்தார். அதே இருநூற்று இருபது.

மதியம் வெள்ளரி ஊறுகாய் ஜாடியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்திருந்த சக தொழிலாளி இனெஸ் முகத்தைச் சுளித்தாள்.

"என்னடி இது, கெட்டு நாறுது. இதையா திங்கிற?"

பாதி ஜாடி காலியாகியிருந்தது. இல்கா ஜாடியிலிருந்த வினிகரை மோந்தாள். கை கழுவும் சோப்பை மோந்தாள். எதுவும் மணக்கவில்லை. எப்போதிருந்து இப்படி? ஜனவரிக் காய்ச்சலிலா? கிறிஸ்துமஸுக்குச் சுட்ட வாத்து மணந்ததா இல்லையா? நினைவில்லை.

நேரே டோர்ஸ்டனிடம் போனாள். "எனக்கு வாசனையே தெரியல, டோர்ஸ்டன். எப்பலேர்ந்துன்னும் தெரியல. அந்தச் சரக்க நான்தான் அனுப்பிவிட்டேன்."

அவர் திரும்பி வந்த பாளம் ஒன்றை எடுத்து மோந்தார். "சரி, உனக்குத் தெரியல. ஆனா நெடி எதுக்கு இருக்கணும்? சூடு சரியாத்தானே இருக்கு?"

இருவருக்கும் விளங்கவில்லை. கடைசியில் சூளையின் கூரைமேல் ஏறிப் பார்த்தார்கள். புகை வெளியேறும் குழாயின் மூடி, கீல் உடைந்து, பாதி அடைத்துக்கொண்டிருந்தது. வெளியேற வழியில்லாத நெடி பாளங்களிலேயே தங்கிவிட்டிருந்தது. அது என்றைக்கு உடைந்தது என்றும் யாருக்கும் தெரியவில்லை.

மூடியை மாற்றினார்கள், நெடியை அளக்கும் கருவி ஒன்றும் வாங்கினார்கள். இல்கா உருளைப் பக்கம் மாறினாள். வாசனை திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார் மருத்துவர்.

சில காலைகளில் காப்பி மணப்பது போல இருக்கும். ஓடிப்போய்க் கணவரைக் கேட்பாள்.

"இன்னும் போடவே இல்லையே," என்பார் அவர்.